இசை கேள்வி–பதில்: முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இழவையும் குடும்பத்தையும் பாட்டாக்குவது பற்றியவை. அதில் பலரும் ஒரே ஆல்பத்தைக் கைகாட்டுவதால், அதிலிருந்தே தொடங்குவோம்.

‘கேரி அண்ட் லோவல்’ ஆல்பத்தில் வரும் கேரி யார், லோவல் யார்? முழுவதும் ஹோட்டல் அறையில் செல்போனில் பதிந்தது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திண்டுக்கல்

கேரி, அமெரிக்கப் பாடகர் சுஃப்ஜான் ஸ்டீவன்ஸின் அம்மா. லோவல் பிராம்ஸ், அந்த அம்மா பிறகு மணந்துகொண்டவர். மகனுக்கு ஒரு வயதாகும்போதே கேரி வீட்டை விட்டுப் போய்விட்டார். மனநோயும் போதைப் பழக்கமும் அவரை விடவில்லை. லோவலோடு வாழ்ந்த சில ஆண்டுகளில், ஒரேகான் மாநிலத்து யூஜீன் நகரில் கழிந்த கோடை விடுமுறைகள்தாம் பிள்ளைகளுக்கு அம்மாவோடு கிடைத்த காலம். 2012 டிசம்பரில் கேரி வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். ஆல்பம் 2015 மார்ச் 31 அன்று வந்தது. 11 பாட்டு, ஏறக்குறைய 43 நிமிடம். வெளியிட்ட ‘ஆஸ்த்மாட்டிக் கிட்டி’, சுஃப்ஜானும் லோவலும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம்.

செல்போன் கதை கால்வாசிதான் உண்மை. ஒரேகானின் கிளாமத் ஃபால்ஸில் ஒரு ஹோட்டல் அறையில் ஐபோனில் பதிந்த பகுதிகள் உண்டு. பெரும்பகுதி புரூக்ளினில் அவருடைய அலுவலக அறையில் பதிந்தது, மற்றவை ஸ்டுடியோக்களில். அதன்பின் பியானோ கலைஞர் தாமஸ் பார்ட்லெட் உட்கார்ந்து, குவிந்துகிடந்ததில் எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க உதவினார். ‘செல்போனே போதும்’ என்று சொல்கிறவர்கள் பார்ட்லெட்டை மறந்துவிடுகிறார்கள். வீட்டில் பதிகிறவருக்கு நல்ல மைக்கைவிட அரிதாகக் கிடைப்பது, ‘இந்த மூன்று பாட்டை எடுத்துவிடு’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஆள்.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஐந்து பாட்டு எழுதி வீட்டில் பதிகிறேன். தாழ்ந்த குரலில்தான் பாட வருகிறது; ஆனால் அப்படிப் பாடினால் பின்னால் ‘உஸ்ஸ்’ என்று இரைச்சல். மேடையில் பாடப் பயன்படுத்தும் டைனமிக் வகை மைக் வைத்திருக்கிறேன். மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். மைக்கை மாற்றுவதற்கு முன் அளவுகோலை எடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் 30 செ.மீ. இடைவெளி இருந்தால் அதை 15 செ.மீ. ஆக்குங்கள். குரல் 6 டெசிபல் ஏறும், அறை இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். கணீரென்று பாடுகிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. முணுமுணுப்பவருக்கு இதுதான் பிழைப்பு. குரல் சின்னதாக இருந்தால் கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் திருகை, ஏற்ற வேண்டியிருக்கும். திருகினால் விசிறி, ஃப்ரிட்ஜ், எதிர்வீட்டு மிக்ஸி எல்லாம் கூடவே ஏறி வரும்.

கிட்டே வந்தால் இரண்டு தொல்லை. ஒன்று, குரலின் அடித்தொனி வீங்கும். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டினால் ஓரளவு சரியாகும். இன்னொன்று, ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். ‘அப்பா’ என்று பாடப் போகிறவர் நீங்கள், ஆகவே அந்தக் காற்றைத் தடுக்கும் வலைத் திரையான பாப் ஃபில்டர் கட்டாயம். அதை மைக்குக்கு முன்னால் ஐந்தாறு செ.மீ. தள்ளி வையுங்கள். மைக்கும் வாய்க்கு நேரே வேண்டாம். மூக்கு உயரத்தில் வைத்துச் சற்றே கீழே சாய்த்தால் காற்று அதன் அடியில் போய்விடும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, யாரும் பாடாமல் 30 விநாடி பதியுங்கள். பிறகு விசிறியை நிறுத்திவிட்டு இன்னொரு 30 விநாடி. இரைச்சல் குறைந்தால் குற்றவாளி விசிறி. அப்படியே இருந்து, ஃப்ரிட்ஜ் போன்ற வேறு சத்தமும் இல்லையென்றால் கருவிதான் காரணம். மெல்லிய குரலுக்கு டைனமிக் மைக் 60 டெசிபல் வரை கெயின் கேட்கும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் மலிவான இன்டர்ஃபேஸ்கள் பலவும் திருகின் கடைசிக் கால்வாசியில்தான் இரைய ஆரம்பிக்கும். அப்போது மட்டும், மெல்லிய ஒலியையும் நன்றாகப் பிடிக்கும் கண்டென்சர் மைக் வாங்குங்கள். வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் சுய இரைச்சல் (மைக் தானே எழுப்பும் இரைச்சல்) அளவைப் பாருங்கள்; 10 டெசிபலுக்குக் கீழே இருந்தால் போதும். ‘உஸ்ஸ்’ இல்லாமல் ‘ம்ம்ம்’ என்று அடியில் கேட்டால் அது மின்சார ரீங்காரம்; லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் வீடு ஓடும் நேரத்தில் பதியவே வேண்டாம்.

ஃப்ரிட்ஜை நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். பாட்டு மும்முரத்தில் திரும்பப் போட மறந்து பால் திரிந்துபோன வீடுகள் நிறைய.

போர்வையைப் பலரும் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். தொங்கவிட வேண்டியது உங்கள் முதுகுக்குப் பின்னால். மைக் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சுவரைத்தான். மெல்லிய போர்வை கூர்மையான ஒலியை மட்டும் குடிக்கும், கனத்த ரஜாய் இரண்டு மடிப்பாக இருந்தால் நல்லது. துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பாடாதீர்கள், பெட்டிக்குள் பேசியது போலாகிவிடும். 24 பிட்டில் பதிந்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டாலே போதும். அந்த வெறும் 30 விநாடிப் பதிவையும் அழிக்காதீர்கள். வரிகளுக்கு நடுவில் வெட்டும்போது அதைத்தான் இட்டு நிரப்ப வேண்டும். முழு மௌனத்தை வைத்தால் போன் லைன் அறுந்தது போலக் கேட்கும்.

அந்த ஆல்பத்தில் ஒரு குரலே இரண்டாகக் கேட்கிறது. நான் என் குரலை நகலெடுத்துச் சற்றுத் தள்ளிவைத்தேன். தகர டப்பா போலிருக்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

நகல் எடுத்தால் அப்படித்தான் வரும். ஒரே அலை கொஞ்சம் பிந்தி வந்து தன்னோடு மோதும்போது சில அதிர்வெண்கள் அழிந்துபோகும். இரண்டாவது தடவை புதிதாகப் பாட வேண்டும், அதுவும் அன்றைக்கே. மறுநாள் தொண்டை வேறு தொண்டை. முதல் பதிவை ஒரு காதில் மட்டும் கேட்டுக்கொண்டு பாடுங்கள். இரண்டாவது பதிவை 6 டெசிபல் தாழ்த்துங்கள். அதில் மூச்சுச் சத்தத்தையும், வரித் தொடக்கத்து ச, த, க போன்ற மெய்களையும் மட்டுப்படுத்துங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு ‘ச’வும் இரண்டு தடவை சீறும். நெடில் வரும் இடங்களில்தான் இரட்டைக் குரல் அழகாக விரியும். குறில் அடுக்கி வரும் வரிகளில் ஒற்றைக் குரலே தெளிவு.

கிட்டாரை மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) இல்லாமல் வாசிப்பதாக இருந்தால், தொடக்கத்தில் நான்கு தட்டு தட்டிவிட்டு வாசியுங்கள். அது இல்லாமல் அடுத்த பதிவை எங்கே தொடங்குவது என்று தவிக்க வேண்டிவரும். மைக் கிட்டாரின் ஓட்டைக்கு நேரே வேண்டாம். கழுத்தில் உள்ள 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (குறுக்குக் கம்பிக்கு) எதிரே, 20 முதல் 30 செ.மீ. தள்ளி.

பாடும்போதே அழுகை வந்துவிடுகிறது. அந்த டேக்கையே (பதிவையே) வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, சென்னை

வைத்துக்கொள்ளுங்கள், வெளியிடாதீர்கள். தொண்டை இறுகினால் சுருதி இறங்கும், மூச்சு பாதி வரியில் தீரும். அதைவிட மோசம் மூக்கடைப்பு. காற்று மூக்கு வழியே போகாதபோது ‘ம’ போய் ‘ப’ வந்துவிடும். ‘அம்மா’ என்று பாடியது ‘அப்பா’ என்று கேட்கும். ஒரு நாளைக்கு மூன்று டேக்குக்கு மேல் வேண்டாம். முகம் கழுவி, வெந்நீர் குடித்து, அரை மணி நேரம் கழித்துப் பாடியதுதான் பெரும்பாலும் நிற்கும். கேட்பவர் அழ வேண்டுமென்றால் பாடுகிறவர் அழுது முடித்திருக்க வேண்டும்.

குடும்பத்துக் கசப்பை எந்த அளவுக்கு எழுதலாம்? அப்பாவின் குடியைப் பற்றி ஒரு பாட்டு. அம்மா இருக்கிறார்.
– வாசகர், மதுரை

சுஃப்ஜான் மறைக்கவில்லை. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளை அம்மா வீடியோ கடையில் விட்டுவிட்டுப் போனது பாட்டில் வருகிறது. ஆனால் அதற்கு மேல் அவர் அம்மாவைத் திட்டவில்லை. கடையைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். நீங்களும் ‘வலி’, ‘ரணம்’, ‘கண்ணீர்’ மூன்றையும் அடித்துவிட்டு வரியை மறுபடி படியுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் அங்கே அப்பாவே இல்லை என்று அர்த்தம். அவர் சட்டைப் பையில் இருந்தது என்ன, எந்த நேரத்தில் கதவு தட்டினார், யார் போய்த் திறந்தது? இவற்றை எழுதுங்கள்.

அம்மாவிடம் வரிகளை வாசித்துக் காட்டுங்கள். எல்லாம் முடிந்து மிக்ஸ் ஆன பிறகு வேண்டாம், பதிவதற்கு முன்னாலேயே. மெட்டோடு கேட்டால் மறுப்புச் சொல்ல அவருக்கு மனம் வராது. வெறும் தாளில் படித்தால்தான் ‘இது நடக்கவில்லையே’ என்பார். அவர் திருத்தும் விவரம் பல சமயம் உங்கள் வரியைவிட நன்றாக இருக்கும்.

இதெல்லாம் நம் ஒப்பாரிதானே?
– வாசகர், புதுக்கோட்டை

இறந்தவரையே கூப்பிட்டுப் பேசுவது இரண்டிலும் உண்டு. ஆனால் ஒப்பாரி கட்டிப்பிடித்து அழ ஆள் இருக்கும் இடத்தில் பிறந்தது, ஊர் கேட்கப் பாடுவது. இது கதவைச் சாத்திக்கொண்டு பாடுவது.

என் பாட்டு ஸ்பாட்டிஃபையில் மற்றவற்றைவிடச் சின்னதாகக் கேட்கிறது. மாஸ்டரிங்கில் (வெளியிடுவதற்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பில்) ஏற்றிவிடலாமா?
– வாசகர், சேலம்

ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன் செய்கிறது. சத்தம் குறைந்த பாட்டை அதுவே தூக்கிவிடும். ஆனால் உச்சத்துக்கு மேல் 1 டெசிபல் இடம் விட்டுத்தான். உங்கள் பாட்டில் எங்கோ ஓர் இடத்தில் கிட்டார் நரம்பு ‘டங்’ என்று தெறித்து உச்சத்தைத் தொட்டிருந்தால், அந்த ஒரு தெறிப்புக்காக மொத்தப் பாட்டும் கீழேயே கிடக்கும். உச்சங்களை நசுக்கும் லிமிட்டரைப் போட்டு மொத்தப் பாட்டையும் அழுத்தாதீர்கள். அந்த ஒரு நரம்பைத் தேடி 4 டெசிபல் இறக்குங்கள், பாட்டு தானாக மேலே வரும்.