இரவு முழுக்க விண்டோஸ் போட்டுப் போட்டு அழிக்கிறான், இவனுக்கு என்ன வழி?

வணக்கம் அம்மா,

போன கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது வெளியில் ஆட்கள் காத்திருந்தார்கள், அரைகுறையாகப் பேசி அனுப்பிவிட்டேன். மிச்சத்தை இதில் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டவை இரண்டு. உயர் தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்த பெடியன், இசட் ஸ்கோர் போதாமல் கம்பஸ் தவறி, இப்போது திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கணினிக் கடையில் நிற்கிறான்; 'விண்டோஸ் போடுறது' ஒரு தொழிலா? வீட்டுக்கு வந்தும் இரவு இரண்டு மணி வரை லாப்டொப்பில் எதையோ போடுகிறான், அழிக்கிறான், திரும்பப் போடுகிறான். இவனுக்கு என்ன பிடித்திருக்கிறது?

இரண்டாவதை முதலில் எடுப்போம். முதல் கேள்விக்கு விடை அதற்குள்தான் கிடக்கிறது.

நீங்கள் வெளியில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரம், தம்பி அதை எனக்குச் செய்து காட்டினான். வேர்ச்சுவல் பொக்ஸ் என்ற இலவச மென்பொருளைத் திறந்தான். லாப்டொப்பின் ரேமிலும் டிஸ்க்கிலும் கொஞ்சம் கடன் வாங்கி, உள்ளேயே இன்னொரு கணினி இருப்பதுபோல ஓடவைப்பது அது. மெய்நிகர் இயந்திரம் என்பார்கள். ஸ்டார்ட்டை அமத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். வழமையாக மொழி எது, எந்த நாட்டு நேரம், டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது, பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டுக்கொண்டே வருமே, அப்படி ஒன்றும் கேட்கவில்லை. நாங்கள் வேறு கதை பேசிக்கொண்டிருக்கையில் லொகின் திரை வந்து நின்றது. இயங்குதளம் ஏறி முடிந்திருந்தது.

கேள்வித்தாள் முன்கூட்டியே தெரிந்த பரீட்சை மாதிரித்தான் இது. இன்ஸ்டோல் பண்ணும்போது வரும் கேள்விகள் எப்போதும் அவைதானே? விடைகளை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால் கணினி அதைப் பார்த்து நடந்துகொள்ளும். லினக்ஸ் என்பது விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம், அதில் பல வகை உண்டு. ரெட் ஹட் குடும்ப லினக்ஸில் அந்தக் கோப்பின் பெயர் கிக்ஸ்டார்ட், டெபியனில் பிரிசீட், உபுண்டுவில் இப்போது ஓட்டோஇன்ஸ்டோல், விண்டோஸில் ஓட்டோஅன்அட்டெண்ட். ஒவ்வொன்றின் எழுத்து முறையும் வேறு. இலங்கை நேரம் என்ற ஒரே விடையைக்கூட லினக்ஸுக்கு 'ஏசியா, கொழும்பு' என்று எழுத வேண்டும். விண்டோஸுக்கு 'ஸ்ரீலங்கா ஸ்டாண்டர்ட் டைம்' என்று எழுத வேண்டும். மாற்றி எழுதினால் அதற்கு விளங்காது. ஒரு இடைவெளி தவறினாலே உபுண்டுவின் கோப்பு பிழையாகிவிடும். பிழையானால் எங்கே என்று தேடி, திருத்தி, இயந்திரத்தை அழித்து, முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நடப்பது அதுதான் அம்மா. விளையாட்டுப் பைத்தியம் இல்லை. ஆனால் நித்திரை கொள்ளச் சொல்லுங்கள், அது வேறு கதை.

முதன்முதலில் இதை எப்படிப் படித்தாய் என்று கேட்டேன். ரெட் ஹட் குடும்பத்து அல்மாலினக்ஸைக் கையால் இன்ஸ்டோல் பண்ணி முடித்ததும், ரூட் கோப்புறையில் 'அனகொண்டா' என்று தொடங்கும் ஒரு கோப்பு கிடந்ததாம். திறந்து பார்த்தால், தான் அமத்திய விடைகளெல்லாம் அதில் வரிவரியாக எழுதியிருந்ததாம். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அதைக் கண்டுபிடித்து, அதையே மாதிரியாக வைத்துப் பழகியிருக்கிறான். எனக்கு அவன் மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

இப்போது நீங்கள் கண் கலங்கிச் சொன்ன விஷயம், அவனுடைய அக்காவின் சாமத்திய வீட்டுப் படங்கள். மெய்நிகர் இயந்திரத்தில் சரியாக ஓடிய கோப்பைப் பென் டிரைவில் போட்டு, வீட்டிலிருந்த பழைய டெஸ்க்டொப்பில் முயன்றிருக்கிறான். அந்தக் கோப்பில் 'கிளியர்பார்ட் ஆல்' என்று ஒரு வரி. கண்ணில் படும் டிஸ்க் எல்லாவற்றையும் துடை என்பது அதன் பொருள். மெய்நிகர் இயந்திரத்தில் இருந்தது ஒரே டிஸ்க், அதனால் வில்லங்கம் இல்லை. டெஸ்க்டொப்பின் பின்பக்கம் படங்கள் இருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் செருகியிருந்தது. அந்த வரி இரண்டையும் துடைத்துவிட்டது. போட்டோரெக் என்ற மென்பொருளை வைத்துப் பாதிப் படங்களை மீட்டதாகச் சொன்னான். மிச்சத்துக்கு ஆல்பம் செய்த ஸ்டூடியோவில் கேட்டுப் பாருங்கள், சில ஸ்டூடியோக்காரர் பழையதை வைத்திருப்பார்கள்.

படங்கள் போனதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வேலையின் முழுப் பாரமும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கையால் போடுகிறவன் பிழைவிட்டால் ஒரு கணினி போகும். கோப்பு எழுதுகிறவன் பிழைவிட்டால், அதை நம்பி ஓடும் ஐம்பது கணினியும் போகும். சம்பளம் கூடுவதும் அதனால்தான். இப்போது அவன் கோப்பில் எந்த டிஸ்க்கைத் தொடலாம் என்பதைத் தனியாகக் குறித்திருக்கிறான், மற்றவற்றைப் பார்க்காதே என்றும் எழுதியிருக்கிறான். டெஸ்க்டொப்புக்கு ஒரு கோப்பு, மெய்நிகர் இயந்திரத்துக்கு இன்னொரு கோப்பு. டிஸ்க்கின் பெயரே இரண்டிலும் வேறாக வரலாம் என்பதை அடிபட்டுப் படித்துவிட்டான்.

சரி, தொழிலா? திருகோணமலைக்குள் மட்டும் பார்த்தால், இதற்கென்று தனி வேலை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வரவேற்பு மேசையில் இரண்டு, கணக்குப் பகுதியில் ஒன்று என்றுதான் கணினி இருக்கும். பாடசாலை லாப், பிரதேச செயலகம் என்றால் கொஞ்சம் கூட. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் வழமைக்கு நிறுத்திவிட்டதால், கடைக்கு வேலை வந்துகொண்டிருக்கும். விண்டோஸ் 11 ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். அது இல்லாத பழைய கணினிக்கு லினக்ஸ் போடலாமா என்று ஆட்கள் கேட்பார்கள். இந்த வேலையில் கை பழகும், ஆனால் இதை நம்பி முப்பது வயதுவரை கடையில் நிற்க முடியாது.

வேலை இருப்பது வங்கி, தொலைத்தொடர்பு, மென்பொருள் நிறுவனங்களில், பெரும்பாலும் கொழும்பில். சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று விளம்பரம் வரும். அங்கே ஒருவரும் பென் டிரைவோடு மேசை மேசையாகத் திரிவதில்லை. கணினி நெட்வேர்க்கிலிருந்தே பூட் ஆகி, தன் விடைக் கோப்பைத் தானே இழுத்துக்கொள்ளும். பிஎக்ஸ்ஈ என்ற அந்த முறையை 1990களின் கடைசியில் இன்டெல் கொண்டுவந்தது. அடுத்து அவன் படிக்க வேண்டியது அதுதான். கடை நெட்வேர்க்கில் மட்டும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு வைக்கும் டிஎச்சிபி, அதாவது கணினிகளுக்கு நெட்வேர்க் முகவரி கொடுக்கும் சேவை, கடை ரவுட்டரோடு சண்டை பிடித்து எல்லோருடைய இன்டர்நெட்டையும் நிறுத்திவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பெடியன் அப்படித்தான் வேலை இழந்தான்.

படிப்புக்கு வருவோம். கம்பஸ் கதவு சாத்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. மூன்று வருடம்; முதல் வருடத்தோடு நின்றால் டிப்ளோமா, இரண்டாவதோடு நின்றால் உயர் டிப்ளோமா, முடித்தால் பட்டம். கடையில் நின்றுகொண்டே படிக்கலாம். பரீட்சை ஆங்கிலத்தில். அதுதான் உங்கள் மகனுக்கு உண்மையான தடை, கணினி இல்லை. பிழை வந்தால் திரையில் ஓடும் பதிவும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. அவன் அதை வாசிக்காமல் யூடியூப்புக்கு ஓடுகிறான். 2020க்கு முந்திய வீடியோவைப் பார்த்து உபுண்டு சேர்வருக்குப் பிரிசீட் எழுதி, இரண்டு நாள் மண்டையை உடைத்திருக்கிறான். 20.04 பதிப்போடு அந்த முறையை உபுண்டு மாற்றிவிட்டது என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. கணினி வகுப்புக்கு வைத்திருக்கும் காசை ஆங்கில வகுப்புக்குக் கொடுங்கள். 'ஆறு மாதத்தில் கிளவுட் இன்ஜினியர்' என்று பேஸ்புக்கில் வரும் விளம்பரத்துக்கு ஒரு சதமும் வேண்டாம்.

சான்றிதழ் எடுப்பதானால் ரெட் ஹட் நிறுவனம் லினக்ஸ் நிர்வாகத்துக்குத் தரும் ஆர்எச்சிஎஸ்ஏ நல்லது. கணினி முன்னால் இருத்திச் செய்து காட்டச் சொல்லும் பரீட்சை, மனனம் செய்து தப்ப முடியாது. கட்டணம் கூட, ஆகவே அடுத்த வருடம் பார்க்கலாம். இப்போதைக்கு இலவசமாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எழுதிய கோப்புகளைப் பாஸ்வேர்ட் நீக்கிவிட்டு, இப்படியான கோப்புகளைப் பகிரும் கிட்ஹப் இணையத்தளத்தில் போட்டு, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று ஆங்கிலத்தில் பத்து வரி எழுதட்டும். விண்டோஸ் கோப்பில் பாஸ்வேர்டைக் குழப்பி எழுதியிருப்பது போலத் தெரியும். தெரிந்தவன் ஒரு நிமிஷத்தில் அதைப் பிரித்துவிடுவான். கிராக் போட்ட விண்டோஸையும் தொட வேண்டாம். மைக்ரோசொப்டே 90 நாள் பரீட்சார்த்தப் பதிப்பை இலவசமாகத் தருகிறது, பழகுவதற்கு அது காணும்.

இன்னொரு யோசனை. இன்ஸ்டோல் முடிந்தவுடன் தமிழ், சிங்கள எழுத்துருக்களும் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகையும் தானாக ஏறும்படி கோப்பின் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர் அலுவலகங்களில் மூன்று மொழியிலும் கடிதம் அடிக்கிறார்கள். கொழும்பில் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது இதைக் காட்டினால், இவன் வேறொருவனைப் பார்த்து எழுதவில்லை என்பது தெரியும்.

வருகிற சனிக்கிழமை பின்னேரம் அவனை மட்டும் அனுப்புங்கள், பிஐடி விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவோம். லாப்டொப்பைக் கொண்டு வரட்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க் மட்டும் உங்கள் அலுமாரியிலேயே இருக்கட்டும்.