வீட்டு ஷெட்டில் மரத்திலேயே விமானம் செய்ய முடியுமா? நம்ம ஊர் மரமும் புல்லட் எஞ்சினும் போதுமா?

செய்ய முடியும். நான் ஆறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் பறக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

எனக்கு மதுரை திருநகரில் மோட்டார் ரீவைண்டிங் கடை. வீடு விளாச்சேரியில். வீட்டுக்குப் பின்னால் முன்பு மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்ட் ஷீட் போட்ட ஷெட், 20 அடிக்கு 12 அடி. எல்லாம் அதற்குள்தான். நான் எடுத்துக்கொண்டது பீட்டன்போல் ஏர் கேம்ப்பர் என்ற பழைய டிசைன். அமெரிக்காவில் மினசோட்டா பக்கம் செர்ரி குரோவ் என்ற சின்ன ஊரில் பெர்னார்ட் பீட்டன்போல் என்ற மெக்கானிக், ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சினைப் பூட்டி 1929-இல் பறக்கவிட்டது. முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரலாம். இறக்கை தலைக்கு மேலே குடை மாதிரி நிற்கும். 1930களின் தொடக்கத்தில் வரைபடம் பத்திரிகையில் வந்தது, இன்றைக்கும் பல நாடுகளில் ஆட்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. முழு இறக்கை 29 அடி. இதில் அதை மூன்று துண்டாகச் செய்துகொள்ளலாம். ஒரே துண்டாகச் செய்தால் எங்கள் சந்தில் திரும்பாது. நீங்களும் வரைபடம் வாங்கும் முன் உங்கள் வாசல் கேட்டை அளந்துவிடுங்கள்.

சரி, மரம். தேக்கு இருக்கிறதே, வேங்கை இருக்கிறதே, ஏன் வெளிநாட்டு மரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இறக்கையின் முதுகெலும்பு ஸ்பார் என்கிற நீளச் சட்டம். இந்த விமானத்தில் அது ஒரு அங்குலம் கனம், நாலே முக்கால் அங்குலம் உயரம், ஒரு பக்க இறக்கைக்கு ஏறக்குறைய 13 அடி நீளம். விமானக்காரர்கள் இதற்குப் பயன்படுத்துவது சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். ஒரு கன மீட்டர் 425 கிலோ அளவில் வரும். தேக்கு 650. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஸ்ப்ரூஸில் ஒரு சட்டம் 5 கிலோ சொச்சம், தேக்கில் 8 கிலோ. நாலு சட்டத்துக்கு 10 கிலோவுக்கு மேல் வித்தியாசம், இன்னும் ஒரு ஆணி கூட அடிக்கவில்லை. அதோடு தேக்கில் எண்ணெய் உண்டு, பசை சரியாகப் பிடிக்காது. கதவு நிலைக்கு அது வரம், நமக்கு இடைஞ்சல்.

நான் வாங்கியது டக்ளஸ் ஃபிர். ஸ்ப்ரூஸை விடக் கொஞ்சம் கனம், ஆனால் பலமும் கூடுதல். ஜன்னல், கதவு வேலைக்கு இறக்குமதியாகிறது. மரவாடியில் ஒரு நாள் முழுக்க நின்று அறுபது பலகையைப் புரட்டி, ஆறைத்தான் எடுத்தேன். கணு இருக்கக் கூடாது. பலகையின் வெட்டு முகத்தில் தெரிகிற ஆண்டு வளையம் ஒரு அங்குலத்துக்கு ஆறுக்குக் குறையக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடுகிற திசை, சட்டத்தின் நீளத்தோடு ஓட வேண்டும், 15 அங்குலம் போனால் ஒரு அங்குலத்துக்கு மேல் ஒதுங்கக் கூடாது. ரேகை எப்படி ஓடுகிறது என்று பார்க்க மரத்தில் ஒரு சொட்டு மை விடச் சொல்வார்கள், மை ரேகை வழியாக ஓடும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஆசாரி அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். வெட்டி எறியும் நுனித் துண்டை எடுத்து, தலையில் உளியை வைத்து ஒரே தட்டு. பிளந்த முகம் எப்படிப் போகிறதோ அதுதான் ரேகை. "மை எல்லாம் எதுக்கு தம்பி, மரத்துக்கிட்டயே கேளு" என்றார். அன்றிலிருந்து மைப்புட்டியை மூடிவிட்டேன்.

அதே அண்ணன்தான் நான் ரிப்புக்குச் சட்டம் இழைத்ததைப் பார்த்து, "இம்புட்டு மெலிசா இழைச்சா கோழிக்கூட்டுக்குக் கூட ஆகாதுப்பா" என்றவர். அரை அங்குலத்துக்குக் கால் அங்குலம். ரிப் என்பது இறக்கையின் விலா எலும்பு. முன்னிருந்து பின்னாக 5 அடி நீளம், நடுவில் குறுக்குச் சட்டங்கள், ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் பிளைவுட்டில் சின்னச் சின்ன ஒட்டுத்துண்டு. ஒரு பலகையில் வடிவத்தை வரைந்து, கட்டைகள் அடித்து அச்சு செய்துகொண்டால் எல்லா ரிப்பையும் அதிலேயே வார்த்த மாதிரி எடுக்கலாம். இறக்கை முழுக்க முப்பது சொச்சம் ரிப். ஒன்று 300 கிராமுக்குள்.

இங்கேதான் நான் குப்புற விழுந்தேன்.

பசை டி-88 என்ற எபாக்சி. இரண்டு டப்பா, ரெசினும் ஹார்ட்னரும். சம அளவு கலக்க வேண்டும் என்று படித்தேன். இருபது வருஷம் வார்னிஷ் கலக்கிய கை என்ற திமிர் வேறு. புதிதாக வாங்கிய டிஜிட்டல் தராசில் 50 கிராம் இது, 50 கிராம் அது. இரண்டு மாசத்தில் 14 ரிப் முடித்துச் சுவரில் வரிசையாக மாட்டிவிட்டேன். பார்க்க அத்தனை அழகு. வருகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். அப்புறம் ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல், மிச்சப் பசையில் ஒட்டி வைத்திருந்த இரண்டு துண்டுகளை வைஸில் பிடித்துச் சுத்தியலால் தட்டினேன். பட்டென்று விட்டது. விட்டது பரவாயில்லை, விட்ட இடம்தான் வயிற்றைக் கலக்கியது. மரத்தில் ஒரு சிராய்ப்பு இல்லை. பசை முகம் மட்டும் வழவழவென்று மினுங்கியது. நல்ல ஒட்டு என்றால் மரம் கிழிந்து வர வேண்டும், பசைக்கோடு அப்படியே இருக்க வேண்டும். ஓடிப்போய் முதல் ரிப்பை எடுத்து ஒட்டுத்துண்டை உளியால் நெம்பினேன். நோட்டு அட்டையிலிருந்து லேபிள் உரிவதுபோல வந்தது.

சம அளவு என்றது கன அளவை. எடையில் என்றால் 100-க்கு 83. ஹார்ட்னர் லேசானது, அதனால் நான் ஒவ்வொரு தடவையும் ஐந்தில் ஒரு பங்கு அதிகமாக ஊற்றியிருக்கிறேன். டப்பாவிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. போதாததற்கு பிளைவுட்டின் பளபளப்பான மேல்தோலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது முத்து மாதிரி நின்றால் தேய்க்க வேண்டும், உறிஞ்சினால் ஒட்டலாம். இவ்வளவுதான் விஷயம். 14 ரிப்பும் போயிற்று. பக்கத்து வீட்டில் அடுப்பெரிக்கக் கேட்டார்கள், எபாக்சி புகை ஆகாது என்று கொடுக்கவில்லை. ஒன்றை மட்டும் இன்னும் ஷெட் வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன், திருஷ்டிப் பூசணி மாதிரி.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவை பசை கலக்கும்போதும் அதே பசையில் இரண்டு துண்டு ஒட்டித் தேதி எழுதி வைப்பேன், ஒரு வாரம் கழித்து உடைப்பேன். மரம் கிழிந்தால்தான் அன்றைய வேலை கணக்கில் சேரும். தராசுக்கு மேலே ஃபேன் ஓடினால் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும், அதையும் நிறுத்திவிடுவேன்.

ரிப்பையே உடைத்தும் பார்த்தேன். விமானம் ஆட்களோடு ஏறக்குறைய 490 கிலோ, இறக்கையின் பரப்பு 140 சதுர அடி அளவு. ஒரு ரிப்பின் பங்குக்கு 5 சதுர அடி. நேராகப் பறக்கும்போது அதன்மேல் விழுவது 17, 18 கிலோ. திருப்பத்தில், காற்று தூக்கிப் போடும்போது 3.8 மடங்கு வரை வரலாம் என்று வைத்தால் 66 கிலோ. அதற்குமேல் ஒன்றரை மடங்கு பத்திரம், 100 கிலோ. ரிப்பைத் தலைகீழாக இரண்டு கட்டையில் நிறுத்தி, எம்-சாண்டை ஒரு கிலோ பையாகக் கட்டி, முன்பக்கம் அதிகமும் பின்பக்கம் குறைவுமாக அடுக்கினோம். 66 தாண்டியது. 80 தாண்டியது. 85-இல் முருங்கைக்காய் ஒடிகிற சத்தம். ஒட்டு எதுவும் விடவில்லை, பின்பக்கக் குறுக்குச் சட்டம் ஒன்றுதான் சாய்வாக ஒடிந்திருந்தது. ஒடிந்த துண்டைப் பார்த்தால் ரேகை பக்கவாட்டில் ஓடியிருக்கிறது. அறுக்கும்போது நான்தான் அவசரத்தில் கவனிக்கவில்லை. அடுத்த ரிப் 100 கிலோவையும் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றது. அண்ணன் பையெல்லாம் எடுத்தபிறகு அதைக் கையில் தூக்கி எடை பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. கோழிக்கூடு பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

பிளைவுட் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கிற மரைன் பிளை ஐஎஸ் 710 முத்திரையோடு வந்தாலும் கனம் அதிகம், நடு அடுக்கில் சந்து விட்டிருக்கும். மெல்லிய பிர்ச் பிளை கைவினைக் கடைகளில் விற்கிறார்கள். நான் ஒன்றை வாங்கி இட்லிக் கொப்பரையில் மூன்று மணி நேரம் வேகவைத்தேன். வெங்காயம் மாதிரி இதழ் இதழாகப் பிரிந்தது. வீட்டில் கொப்பரையும் போயிற்று, பேச்சும் வாங்கினேன். கடைசியில் விமானத் தரப் பிளைவுட்டை வரவழைத்தேன். இதுவரை ஆன செலவு நாலரை லட்சம், அதில் பெரிய பங்கு இதற்கும் பசைக்கும் பார்சல் கூலிக்கும்தான்.

நம்ம ஊர் வெயிலுக்கு மரம் தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் மஸ்கிட்டோ என்ற மர விமானம் இந்தியாவுக்கு வந்தது. 1944 கடைசியில் இறக்கைகள் விட்டுப்போய் விபத்துகள் நடந்தன, பறக்கவிடாமல் நிறுத்தினார்கள். வெயிலையும் ஈரத்தையும் சந்தேகப்பட்டு விசாரித்தால், தொழிற்சாலையில் ஒட்டிய விதத்திலும் குறை இருந்தது தெரிந்தது. மதுரை வெயிலில் எனக்கு நடக்கிற தொல்லை வேறு. கத்திரியில் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே பசை கலக்கினால் பாதி தடவுவதற்குள் கப்பிலேயே இறுகிவிடும். அதனால் ஒட்டுகிற வேலை விடியற்காலை நாலரைக்கு. ஆடி மாசம் காற்றில் புழுதி வரும், அப்போது அறுப்பதும் இழைப்பதும் மட்டும். இறக்கைக்குத் துணி போர்த்தி, அயர்ன் பாக்ஸால் சுருக்கி, மேலே வெளிர் நிறம்தான் அடிப்பேன். கறுப்பு, கரும்பச்சை ஆசையெல்லாம் வேண்டாம், வெயிலில் எபாக்சி இளகும்.

சட்டம் முக்கியம். நீங்களே செய்தது, உங்கள் தோட்டத்திலேயே பறக்கிறீர்கள் என்றாலும் மத்திய அரசின் விமானத் துறை இயக்குநரகமான டிஜிசிஏவில் பதிவும் பறக்கும் அனுமதியும் வேண்டும். 1934-ஆம் வருஷ விமானச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய வாயுயான் அதிநியம் என்ற புதுச் சட்டம் 2025 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. மும்பையில் அமோல் யாதவ் என்ற பைலட் தன் குடியிருப்பு மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைச் செய்தார், உலோகத்தில். 2016-இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தார், பதிவு 2017-இல்தான் கிடைத்தது. ஒவ்வொரு கட்டத்தையும் மூடுவதற்கு முன் போட்டோ எடுத்து, நோட்டில் எழுதி, உடைத்த துண்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். ஓட்ட லைசென்ஸ் வேறு, குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விளாச்சேரிக்கு மேலேயே மதுரை ஏர்போர்ட்டுக்கு விமானங்கள் போகின்றன, நாம் இங்கே எதுவும் செய்ய முடியாது. செட்டிநாட்டிலும் கயத்தாறிலும் போர்க்காலத்து ஓடுதளங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டு வந்து ஏங்கியதோடு சரி.

கடைசியாக புல்லட். 350 சிசி எஞ்சின் 20 குதிரைத்திறன். பீட்டன்போலுக்குக் குறைந்தது 40 வேண்டும். அதுவும் மாடல் ஏ எஞ்சின் அந்த 40-ஐ 2,200 சுற்றிலேயே கொடுக்கும், அதனால் பெரிய புரொப்பல்லரை நேராக மாட்டிவிடலாம். பழைய மாருதி 800-இலும் ஏறக்குறைய அதே திறன்தான், ஆனால் 5,000 சுற்றில். நடுவில் வேகம் குறைக்கும் பெல்ட்டோ கியரோ வைக்க வேண்டும், அங்கே அதிர்வு என்று இன்னொரு தலைவலி. பைக்கும் காரும் முழுத் திறனில் ஓடுவது எப்போதாவது சில நொடி, விமான எஞ்சின் ஏறும்போது நிமிஷக்கணக்கில் அப்படியே முக்க வேண்டும். நான் எஞ்சினை இன்னும் வாங்கவில்லை. இப்போது வாங்கினால் ஷெட்டில் துருப்பிடிக்கும்.

இறக்கை எலும்புக்கூடு முடிந்தது, உடல் பாதி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முன் வந்தால் பார்க்கலாம். அதற்கு மேல் அந்த ஷீட்டுக்குக் கீழே நிற்க முடியாது.