கீமோ ஏற்றி வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல் வந்தால் அடுத்த கிளினிக் வரை பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது, ஒரு இரவுகூட.

உங்கள் அப்பாவின் லிம்போமாவுக்கு (நிணநீர்ப் புற்றுநோய்) ஏற்றுவதாக நீங்கள் எழுதியிருப்பது ஆர்-சொப் (R-CHOP) என்ற மருந்துக் கூட்டு. நான்கு மருந்து ஊசி வழியாக, கூடவே ஐந்து நாளுக்குப் பிரெட்னிசலோன் குளிசை. 21 நாளுக்கு ஒரு தடவை, பெரும்பாலும் ஆறு தடவை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குத் திரும்பினால் மற்ற நாளெல்லாம் கவனிப்பு உங்கள் கையில்தான்.

இவற்றில் உள்ள கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் கலங்களை அடிக்கும். லிம்போமாக் கலமும் அப்படித்தான், எலும்பு மச்சையில் பிறக்கும் வெண்குழியமும் அப்படித்தான். ஏற்றி 7 முதல் 14 நாளுக்குள் கிருமியோடு முதலில் போராடும் வெண்குழியமான நியூட்ரோபில், மைக்ரோலீட்டருக்கு 500க்குக் கீழேயும் இறங்கலாம். புண் சிவந்து சீழ் வைப்பதற்கே வெண்குழியம் வேண்டும். அது இல்லாத உடம்பில் கிருமி பரவினாலும் காய்ச்சலைத் தவிர வேறு அடையாளம் தெரியாமல் போகலாம். அதையும் பனடோல் போட்டு மறைத்துவிடாதீர்கள். முதலில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட் காட்டினால் உடனே புறப்படுங்கள். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் அதேதான்.

பரந்தன் வழியாகத் தெல்லிப்பழைக்கு ஓட வேண்டாம், மணிக்கணக்கில் போய்விடும். புதுக்குடியிருப்பு வைத்தியசாலையோ, மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையோ, கிட்ட இருப்பதற்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஓபிடி வரிசையில் நிற்காமல் அவசர சிகிச்சைப் பிரிவில் கிளினிக் கொப்பியைக் காட்டி, "லிம்போமாவுக்குக் கீமோ ஏற்றிப் பத்தாம் நாள், காய்ச்சல்" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு இரத்தம் எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் நாளத்தில் அன்ரிபயோட்டிக் ஏற வேண்டும். மாரி காலத்தில் இதைச் சொல்வது இன்னும் முக்கியம். கீமோவாலும் வெண்குழியமும் பிளேட்லட்டும் குறையும். வெறும் ரிப்போட்டைப் பார்த்தால் டெங்கு மாதிரியே இருக்கும்.

மற்றவை சுருக்கமாக. ஏற்றிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போவது, ஊசி மருந்துகளில் ஒன்றான டொக்ஸோரூபிசினின் நிறம். இரத்தமென்று பதற வேண்டாம். மூன்றாம் நாளும் சிவப்பாக இருந்தாலோ, எரிவோ இரத்தக் கட்டியோ இருந்தாலோ காட்டுங்கள். இன்னொரு ஊசி மருந்தான வின்கிறிஸ்டின் மலச்சிக்கல் தரும், அதற்குக் குளிசை கேட்டு வாங்கலாம். ஆசனவாயில் வைக்கும் மருந்து மட்டும் கேட்காமல் வைக்கக் கூடாது, அங்கே சிறு கீறல் விழுந்தாலும் கிருமி உள்ளே போகும். பிரெட்னிசலோன் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. சீனி வருத்தம் இருந்தால் அந்த ஐந்து நாளும் சீனி ஏறும், அளந்து பார்க்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரைக் கொதித்தாற வைத்துக் கொடுங்கள். பப்பாசி இலைச் சாறு வேண்டாம், பச்சையாக அரைத்த எதுவும் இப்போது ஆபத்து.