நீட் மாக் டெஸ்ட் மார்க்கை எப்படிப் பார்க்கணும்: கேட்டதுக்கெல்லாம் பதில்

தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் கேள்வி வந்து குவிஞ்சிருக்கு. நான் பிசிக்ஸ் டீச்சர், பன்னெண்டாவது புள்ளைங்க மாக் பேப்பரோடதான், அதாவது நீட்டுக்கு முன்னாடி பழகிப் பாக்க எழுதுற மாதிரித் தேர்வோடதான், வருஷம் பூரா என் பொழுது போகுது. அதனால மாக் மார்க் பத்தி எவ்வளவு வேணா கேளுங்க. ஏஜென்ட், வெளிநாட்டு எம்பிபிஎஸ் பத்திக் கேட்டவங்களுக்கு இங்க பதில் கிடையாது.

தங்கச்சிமடம், ஒரு அப்பா: மகளுக்கு மூணு மாக்ல 412, 365, 438 வந்துருக்கு. ஏறுதா இறங்குதான்னே தெரியல. கடலுக்குப் போற ஆளு நான், எதைப் பாக்கணும்னு சொல்லுங்க டீச்சர்.

அண்ணே, மூணும் வேற வேற பேப்பர், மார்க்கைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறதுல அர்த்தமே இல்ல. நெஜ நீட்டையே பாருங்க, 2024ல திருத்தி விட்ட ரிசல்ட்படி 720க்கு 720 எடுத்தவங்க 17 பேரு, அடுத்த வருஷம் 2025ல பேப்பர் கஷ்டம், முதல் ரேங்க்கே 686தான், 650க்கு மேல வந்தவங்க நாடு முழுக்க 73 பேரு. நெஜ பரீட்சைக்கே இப்படின்னா கோச்சிங் சென்டர் பேப்பருக்குக் கேக்கணுமா.

மார்க்கை விட்டுட்டு, 180 கேள்வில எத்தனை சரி, எத்தனை தப்பு, எத்தனை விட்டதுன்னு மகள்கிட்ட கேளுங்க. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. 120 சரி, 42 தப்புன்னா 438 வரும். இப்ப அந்த 42 தப்பையும் அவளையே உக்காந்து பிரிக்கச் சொல்லுங்க: பாடமே தெரியாதது, தெரிஞ்சும் அவசரத்துல போனது, குத்துமதிப்பா போட்டது, நேரம் பத்தாம கடைசில கிறுக்குனது. இதுல அவசரத் தப்பு 15 இருக்குன்னு வைங்க, ஒவ்வொண்ணும் வர வேண்டிய 4 போயி மேல 1 புடிச்சு 5 மார்க் நட்டம், ஆக 75 மார்க். புதுசா ஒரு பாடம் கூட படிக்காம 513 போகலாம். ஆனா பாதி தப்பு பாடமே தெரியாததுன்னா அடுத்த மாக் எழுதுறதே வீண், புத்தகத்துக்குத் திரும்பணும். இப்படி ரெண்டு புள்ளைங்க இருந்தா ரெண்டு பேருக்கும் 438தான், வைத்தியம் வேற. மொத்த மார்க்கை மட்டும் பாத்து புள்ளைய எடை போடாதீங்கண்ணே.

பாம்பன், +2 மாணவன்: மாக்ல 450 வந்தா கவர்ன்மென்ட் சீட் கிடைக்குமா மிஸ்?

மாக் மார்க்குக்கு யாரும் சீட் தர மாட்டாங்க தம்பி. நெஜ நீட் மார்க் வந்தாலும் அந்த வருஷ ரேங்க், உன் கம்யூனிட்டி, நீ படிச்ச பள்ளி மூணையும் வச்சுத்தான் சொல்ல முடியும். ஆறாவதுல இருந்து பன்னெண்டு வரை அரசுப் பள்ளியா இருந்தா 2020ல வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வருவ, அங்க ரேங்க் லிஸ்டே தனி. மருத்துவத் தேர்வுக் குழு சைட்ல போன வருஷ லிஸ்ட் இருக்கும், நம்ம ராமநாதபுரம் மெடிக்கல் காலேஜுக்கு எந்த மார்க்ல நின்னுச்சுன்னு நீயே பாரு.

தேவிபட்டினம், ஒரு அம்மா: மாக்ல பையனுக்கு 62 பர்சன்டைல். 50 போதும்னு சொல்றாய்ங்க, அப்ப பாஸ்தானே?

இல்லம்மா. அந்த டெஸ்ட் எழுதுனவங்கள்ல நூத்துக்கு 62 பேர் இவனுக்குக் கீழ இருக்காங்க, அவ்வளவுதான் அர்த்தம். அங்க எழுதுனது நானூறு பேரா இருக்கலாம், நெஜ நீட் எழுதுறது இருபது லட்சத்துக்கு மேல. அப்புறம் 50 பர்சன்டைல் தகுதிக்கு மட்டும். 2025ல பொதுப் பிரிவுக்கு அது 144 மார்க், பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டிக்கு 40 பர்சன்டைல், 113 மார்க். அரசு சீட்டு அதுக்கு ரொம்ப மேல.

கீழக்கரை, மேத்ஸ் டியூஷன் எடுக்குறவர்: டீச்சர், தெரியாததை விட்டுருன்னு எல்லாரும் சொல்றாங்க, கணக்கு அப்படிச் சொல்லலையே. நாலு கேள்வி கண்ண மூடி அடிச்சா சராசரியா ஒண்ணு சரி, மூணு தப்பு, 4 கழித்தல் 3, ஒரு மார்க் லாபம். ஒரு கேள்விய கூட விடக் கூடாது.

கணக்கு சரி சார், மறுக்கல. ஆனா புள்ளைங்க கண்ண மூடி அடிக்கிறதில்ல, பாதி தெரிஞ்சு அடிக்கிறாங்க, கேள்வி எடுக்குறவருக்கும் அது தெரியும். சென்டிமீட்டரை மீட்டரா மாத்த மறந்தா என்ன விடை வருமோ அதை ஒரு ஆப்ஷனா வச்சிருப்பாரு. அஞ்சுல ஒண்ணு சரியானாத்தான் கைக்காசு போகாம தப்பிக்கலாம், பிசிக்ஸ்ல பல புள்ளைங்களுக்கு அது கூட வர்றதில்ல.

அதே டியூஷன் சார்: அப்ப யோசிக்கவே வேணாம், தெரியாதது எல்லாத்துக்கும் ரெண்டாவது ஆப்ஷனைப் போடட்டும், பொறில விழ மாட்டாங்க.

நெஜ பரீட்சைல கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு சரி, ஒத்துக்குறேன். அப்பவும் 40 கேள்விக்கு சராசரி லாபம் 10 மார்க், அதுல அஞ்சு மட்டும் சரியானா மைனஸ் 15. மாக்ல மட்டும் செய்யவே விடாதீங்க. மாக் எழுதுறதே என்ன தெரியலன்னு கண்டுபிடிக்க, குருட்டு மார்க் அதை மூடிருது. நான் சொல்றது, சந்தேகத்துல போட்ட கேள்விக்கெல்லாம் பக்கத்துல பென்சில்ல ஒரு புள்ளி, அப்புறம் புள்ளியோட ஒரு மார்க், புள்ளி இல்லாம ஒரு மார்க், ரெண்டையும் எழுதி வைங்க.

மண்டபம், ரிப்பீட்டர் (மறுபடி நீட் எழுதுற) மாணவி: நடுவுல வர்றேன், மன்னிச்சிருங்க. நான் ஏற்கனவே புள்ளி வச்சு எண்ணுறேன். பயாலஜில 20க்கு 9 சரி, பிசிக்ஸ்ல 15க்கு 2தான்.

இதுதான்மா வேணும்! பயாலஜில 36ல 11 போக 25 லாபம், பிசிக்ஸ்ல 8ல 13 போக 5 நட்டம். பயாலஜில துணிஞ்சு போடு, பிசிக்ஸ்ல ரெண்டு ஆப்ஷனை தப்புன்னு உறுதியா ஒதுக்க முடிஞ்சா மட்டும் போடு.

டியூஷன் சார்: இதை ஏத்துக்குறேன். ஆனா 15 கேள்வி வச்சு முடிவு எடுக்கக் கூடாது.

சரியான பேச்சு சார். அந்தப் பொண்ணு இன்னும் நாலஞ்சு பேப்பர் சேத்து எண்ணட்டும்.

ஏர்வாடி: 380 போதுமா? உச்சிப்புளி: 410க்கு சீட் இருக்கா? வாலிநோக்கம்: 500 வந்துச்சு, சேஃபா?

மூணு பேருக்கும் பாம்பன் தம்பிக்குச் சொன்ன பதில்தான், மேல போய்ப் படிங்க. சரி, தப்பு, விட்டது எத்தனைன்னு எழுதாம வெறும் மார்க் அனுப்புறவங்களுக்கு இனிமே பதில் போட மாட்டேன்.

ராமேஸ்வரம், தமிழ் மீடியம் மாணவி: கோச்சிங்ல மாக் இங்கிலீஷ்ல மட்டும்தான். 290ஐ தாண்டவே மாட்டேங்குது அக்கா.

அந்த 290ல எவ்வளவு பாடத்தால போச்சு, எவ்வளவு மொழியால போச்சுன்னு முதல்ல பிரிக்கணும்மா. பழைய நீட் பேப்பரை தமிழ்ல நேரம் வச்சு எழுதிப் பாரு. மார்க் நல்லா ஏறுச்சுன்னா உனக்குப் பாடம் தெரியும். நெஜ பரீட்சைல தமிழ் கேட்டா தமிழும் இங்கிலீஷும் சேர்ந்த பேப்பர் வரும், ஆனா மொழிபெயர்ப்புல குழப்பம்னா இங்கிலீஷ்தான் முடிவு. 2018ல 49 கேள்வில மொழிபெயர்ப்புத் தப்புன்னு ஹைகோர்ட் மதுரை பெஞ்ச் 196 மார்க் தரச் சொல்லி, அதை சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிருச்சு. அதனால தமிழ்ல படி, கலைச்சொல்லை ரெண்டு மொழிலயும் தெரிஞ்சு வை.

தங்கச்சிமடம், ஒரு அண்ணன்: தம்பி காலைல அஞ்சு மணிக்கு போன் ஆப்ல எழுதுறான், 520க்குக் கொறையல. ஸ்கூல்ல 430. ஏன்?

நீட் மதியம் 2ல இருந்து 5 வரை, மே மாச வெயில்ல. அதே நேரத்துல, ஃபேன் இல்லாட்டியும் பரவால்ல, பேப்பர்ல எழுதி ஓஎம்ஆர் விடைத்தாள்ல வட்டம் கருப்பாக்கட்டும். போன்ல தட்டுறதுக்கும் 180 வட்டம் நெரப்புறதுக்கும் நேரம் வேற. அது மீன்பிடித் தடைக்காலம் வேற, ஏப்ரல் 15ல இருந்து படகு கரையில நிக்கும், அப்பா வீட்டுல இருப்பாரு, சத்தமா டிவி ஓடும். அந்த மூணு மணி நேரம் மட்டும் வீட்டை அமைதியா வச்சுக் குடுங்க. இப்போதைக்கு 430ஐ நம்புங்க.

தொண்டி: இன்ஜினியரிங்குக்கும் மாக் எழுதணுமா?

தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. +2ல மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50ன்னு 200க்கு கட்ஆஃப். ஐஐடி, என்ஐடின்னா ஜேஇஇ நுழைவுத் தேர்வு, அது வேற கதை.

மண்டபம்: நீட் வரலன்னா மீன்வளம் படிக்கலாமா?

தாராளமா. நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துல பிஎஃப்எஸ்சி மீன்வளப் பட்டப்படிப்புக்கு +2 மார்க்தான், தனியா அப்ளை பண்ணணும். நீட் ரிசல்ட் வரட்டும்னு காத்திருந்து தேதிய விட்டுறாதீங்க.

பாம்பன்: கடைசி மாசம் தினமும் ஒரு மாக் எழுதவா?

வேணாம். ஒரு நாள் எழுது, மறுநாள் பூரா அந்தப் பேப்பரோட தப்பை மட்டும் உக்காந்து பாரு. பாத்து முடிக்காம அடுத்த பேப்பரைப் பிரிக்காத.