கிரேடு 2 ஃபேட்டி லிவருக்கு எதுக்குங்க இம்யூனிட்டி பவுடர்?

42 வயசு, 92 கிலோ, சுகர் இல்ல, குடி இல்ல, ஸ்கேன்ல கிரேடு 2 ஃபேட்டி லிவர். "லிவர்ல எதிர்ப்புச் சக்தி கம்மி"ன்னு லேப்ல இருந்தவர் ஒரு பவுடர் குடுத்தார், 10 நாளா சாப்பிடறேன், தொடரலாமான்னு கேட்டிருக்கீங்க. இன்னிக்கே நிறுத்துங்க. உங்களுக்கு நடக்கறது நேர் தலைகீழ்.

லிவருக்குள்ளயே குப்ஃபர் செல்னு ஒரு காவக்காரன் உண்டு, குடல்லேர்ந்து வர்ற கிருமியை முழுங்கறதுதான் அவன் வேலை. கொழுப்பு ஏறி ஏறி லிவர் செல்லுங்க உப்பிப்போய் சாக ஆரம்பிச்சா இவன் கூப்பாடு போடுவான், உடனே ரத்தத்துலேர்ந்து இன்னும் படை வந்து இறங்கும், வீக்கம் அப்படித்தான் வருது. அந்த அமளில, வைட்டமின் ஏ-வை சேத்து வெச்சுக்கிட்டு சும்மா கெடந்த ஸ்டெல்லேட் செல் முழிச்சு நார் நாரா தழும்பு போட ஆரம்பிக்கும், முத்தினா சிரோசிஸ். ஏற்கனவே கத்தறவனுக்கு பூஸ்டர் எதுக்கு? கொரோனா சமயத்துல மும்பைல எதிர்ப்புச் சக்திக்குன்னு சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு சொந்த எதிர்ப்புச் சக்தியே லிவரைத் தாக்கி மஞ்சக்காமாலை வந்ததை டாக்டர்ங்க பதிவு பண்ணியிருக்காங்க. டெஸ்ட் எடுக்கற இடத்துலயே மருந்தும் விக்கறாங்கன்னா எழுந்து வந்துடுங்க.

கிரேடு 2ங்கறது கொழுப்போட அளவு மட்டுந்தான், தழும்பு இருக்கா இல்லையான்னு அது சொல்லாது. அதுக்கு ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு, வயசு, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (ரெண்டும் ரத்தத்துல பாக்கற லிவர் என்சைம்), பிளேட்லெட் நாலே போதும், நாலும் உங்க ரிப்போர்ட்லயே கெடக்கு. பேக்கேஜ்னு பக்கம் பக்கமா அச்சடிச்சுக் குடுக்கறாங்க, இந்த ஒரு வரியப் போட யாருக்கும் கை வரல. நான் போட்டேன், வயசு 42, எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 56, பிளேட்லெட் 2.4 லட்சத்துக்கு 0.89 வருது. 1.3க்குக் கீழ, அதனால பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி.

ஆனா 28 வயசு தம்பிக்கும் போட்டுப் பாத்தேன்னு எழுதியிருக்கீங்களே, அது செல்லாது. கணக்குல வயசைப் பெருக்கறதால சின்னப் பசங்களுக்கு எப்பவும் கம்மியாத்தான் காட்டும், 35க்குக் கீழ நம்பவே கூடாது. அவருக்கும் உடம்பு ஜாஸ்தின்னா ஃபைப்ரோஸ்கேன் (லிவர் எவ்ளோ இறுகியிருக்குன்னு அளக்கற ஸ்கேன்) பாக்கலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க, லேப்காரர்ட்ட இல்ல, டாக்டர்ட்ட.

உங்களுக்கு ஆறரை கிலோ, அதாவது 7 சதவீதம் எறங்கினா வீக்கம் அடங்க நல்ல வாய்ப்பு, 9 கிலோ எறங்கினா இருக்கற தழும்பே கரையலாம். மெதுவா எறக்குங்க, பட்டினி கெடக்க வேணாம்.

பவுடர் டப்பாவை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. கண்ணு மஞ்சளாச்சு, சிறுநீர் டீ கலர்ல போகுதுன்னா டாக்டர்ட்ட காட்ட அந்த லேபிள் வேணும்.