டீச்சரைக் கேளுங்க: மெக்சிகோ போறதெல்லாம் சரி, மொழங்கால் எப்படி இருக்கு?

போன இதழ்ல ஏதோ ஒரு பதில்ல போற போக்குல "நான் மெக்சிகோ போயிட்டு வந்தேன்"னு ஒரே ஒரு வரி எழுதிட்டேன், அதுக்கப்புறம் வந்த லெட்டர், வாட்ஸாப் எல்லாத்துலயும் அதே பேச்சாத்தான் இருக்கு. ரிட்டையர்டு ஜாக்ரபி டீச்சர், கீழக்கரைக்குப் பக்கத்து ஊர்க்காரி, மாயன் கோயில் பாக்கப் போனாளான்னு பாதிப்பேருக்கு ஆச்சரியம், மீதிப்பேருக்கு சந்தேகம். அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் ஓரமா வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன்.

டீச்சர், நானும் வீட்டுக்காரியும் ரிட்டையர்டு. கைல ரெண்டு குரூப் டூர் நோட்டீஸ் இருக்கு. ஒண்ணு 12 நாள், மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ்னு மூணு நாடு, 11 இடம். இன்னொண்ணு 14 நாள், மெக்சிகோ மட்டும், 6 இடம், காசு கொஞ்சம் ஜாஸ்தி. அவளுக்கு மொழங்கால் வலி வேற. எதுல போகலாம்?
வாசகர், தேவிபட்டினம்

ரெண்டாவதுல போங்க சார், யோசிக்கவே வேணாம். 11 இடம்னு நோட்டீஸ்ல பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அங்க போய் நீங்க நல்லா பாக்கப்போறது பஸ் சீட்டைத்தான். மெக்சிகோவே நம்ம இந்தியாவுல பாதிக்கு மேல பெருசு. பழைய காலத்துல அங்க வாழ்ந்த ரெண்டு பெரிய மக்கள்ல ஆஸ்டெக் ஆளுங்க இருந்தது நடுவுல மலைமேட்டுல, மாயன் ஆளுங்க இருந்தது கிழக்க யுகட்டான் பக்கம், அப்படியே குவாத்தமாலா, பெலிஸ், ஹோண்டுராஸ் வரைக்கும், ரெண்டுக்கும் நடுவுல ஆயிரம் கிலோமீட்டர் கிட்ட இருக்கு. எங்க குரூப் மெக்சிகோ சிட்டிலேருந்து வில்லாஎர்மோசாவுக்கு ப்ளைட்ல போயி அங்கேருந்து பஸ்ல பலெங்கேங்குற பழைய மாயன் ஊருக்குப் போனோம், பலெங்கேலேருந்து யுகட்டான்ல இருக்குற மெரிடா வர்றதுக்கு ஒரு பகல் பூரா பஸ்லயே போயிருச்சு, இதுல மூணு நாட்டு எமிக்ரேஷன் க்யூவையும் சேத்தா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க. போய் எறங்குன மொத ரெண்டு நாள் கணக்குலயே வராது. நமக்கு ராத்திரி பத்து மணின்னா அங்க காலைல பத்தரை, எல்லாரும் சுறுசுறுப்பா இருப்பாங்க, நமக்குக் கண்ணு சொருகும்.

மொழங்காலுக்கு ஒரு நல்ல சேதி, பழைய மாயன் ஊரான சிச்சன் இட்சாவுல இருக்குற பெரிய பிரமிடு மேல ஏற பல வருஷமா தடை. நாலு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, உச்சில ஒண்ணு, கூட்டினா 365, வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி, அதை கீழ நின்னு எண்ணிப் பாத்துட்டு வந்துரலாம். வடக்குப் படிக்கு முன்னாடி நின்னு ஒரு தடவை கைதட்டச் சொல்லுங்க அம்மாவை, எதிரொலி சத்தம் பறவை கத்துற மாதிரி திரும்பி வரும். ஆனா நடை நெறைய இருக்கு. மெக்சிகோ சிட்டி பக்கத்துல இருக்குற தியோதிவாகன்ங்குற பழைய ஊர்ல நடுத்தெரு மட்டுமே ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, ஒதுங்க ஒரு மரநிழல் கெடையாது, அதோட அந்த ஊரும் மெக்சிகோ சிட்டியும் நம்ம ஊட்டி உசரத்துல இருக்கு, வேகமா நடந்தா மூச்சு வாங்கும். தொப்பி, தண்ணி பாட்டில், பழகுன செருப்பு. புது ஷூ வாங்கிட்டுப் போனவர் ஒருத்தர் எங்க குரூப்ல மூணாம் நாளே நொண்டிக்கிட்டு வந்தாரு.

இன்னொண்ணு, ப்ரோக்ராம் ஷீட்டை வாங்கி கெழமை பாருங்க. திங்கள்கெழமை மியூசியமெல்லாம் லீவு. ஞாயித்துக்கெழமை அந்த நாட்டுக்காரங்களுக்கு டிக்கெட் கெடையாது, ஃப்ரீ, அதனால திருவிழாக் கூட்டம். இந்த ரெண்டையும் பாக்காம ஷீட் போட்டிருந்தா அந்த டூர்க்காரருக்கு அந்த ஊரு தெரியாதுன்னு அர்த்தம்.

மாயன்னா நம்ம மயன் தானே டீச்சர்? யூடியூப்ல ஒருத்தர் அடிச்சு சொல்றாரு, தமிழன் தான் அங்க போய் கட்டுனான்னு.
காலேஜ் மாணவர், மண்டபம்

இல்ல தம்பி. பேரு ஒண்ணுபோல இருக்குன்னா சொந்தம் ஆயிருமா, நம்ம தெருவுலயே ரெண்டு முருகன் இருக்காங்க. மயன் நம்ம புராணத்துல வர்ற அசுரத் தச்சன். மாயன் ஆளுங்க வேற மக்கள், அவங்க முன்னோருங்க பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாடி வடக்க சைபீரியா பக்கத்துலேருந்து அமெரிக்காவுக்கு வந்தவங்க வழி. அவங்க பாஷை தனிக் குடும்பம், முப்பது பாஷை கிட்ட இன்னிக்கும் லட்சக்கணக்கான பேர் வீட்டுல பேசுறாங்க. அழிஞ்சுபோன இனம்னு சொல்றதும் தப்பு, எங்களுக்கு உஷ்மால்ங்குற பழைய மாயன் ஊர்ல கைடா வந்தவருக்கே தாய்மொழி மாயா தான்.

பெருமைப்படணும்னா அவங்க கணக்கைப் பாத்து ஆச்சரியப்படு. நம்ம பத்துப் பத்தா எண்ணுறோம், அவங்க இருபது இருபதா. ஒண்ணுக்கு ஒரு புள்ளி, அஞ்சுக்கு ஒரு கோடு, பூஜ்யத்துக்கு என்ன தெரியுமா, ஒரு சிப்பி! மண்டபம் கரைல நீ மிதிச்சுக்கிட்டுப் போற அதே மாதிரி சிப்பி. பூஜ்யத்தை யாருகிட்டயும் கடன் வாங்காம தானா கண்டுபிடிச்சவங்ககிட்டப் போயி கட்டடத்தை மட்டும் நாங்க கட்டிக் குடுத்தோம்னு சொன்னா நல்லாவா இருக்கு?

கைடு எதுக்கு, போன்ல பாத்துக்கலாமே? அந்தக் காசு மிச்சம்.
வாசகர், ஏர்வாடி

மோசமான கைடுன்னா போனே தேவலாம், அது உண்மை. பலெங்கேல எங்களுக்கு டூர்க்காரங்க புடிச்சுக் குடுத்த ஆளு (எந்த டூர்னு கேக்காதீங்க) பக்கால் ராஜாவோட கல்லறை மூடியில இருக்குற படத்தைக் காட்டி இது ராக்கெட், இவர் அதை ஓட்டுறாரு, வேற்றுகிரகத்து ஆளுங்கன்னு அரைமணி நேரம் கதை அளந்தாரு, எங்க குரூப்ல பாதிப்பேர் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. பக்கால் 615-ல பன்னெண்டு வயசுல பட்டத்துக்கு வந்து 683 வரைக்கும் ஆண்டவரு, அவரு கல்லறையை 1952-ல அல்பெர்தோ ரூஸ்ங்குற ஆராய்ச்சியாளர் கோயிலுக்கு அடியில படிக்கட்டு வழியா எறங்கிக் கண்டுபிடிச்சாரு. அந்த மூடியில ராஜா சாவுக்கும் மறுபிறப்புக்கும் நடுவுல கெடக்குறாரு, அவருக்கு மேல உலக மரம் நிக்குது. நெச சேதியே இவ்வளவு நல்லா இருக்குறப்ப ராக்கெட் எதுக்குய்யா. சுத்தி இருக்குற கல்வெட்டைப் படிக்கவே மனுஷனுக்கு எம்புட்டு காலம் ஆச்சு, 1562-ல மானிங்குற ஊர்ல தியேகோ தெ லாந்தாங்குற பாதிரியார் கையில கெடச்ச மாயன் ஏடுகளையெல்லாம் கொளுத்திட்டாரு, இன்னிக்கு உலகத்துல மிஞ்சுனது நாலே நாலு. நம்ம ஏட்டுச்சுவடி கரையான் தின்னு போச்சேன்னு நாம அழுவோம், இவங்களுது கண்ணு முன்னாடி எரிஞ்சிருக்கு.

அதனால புக் பண்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஹோட்டலுக்கு எத்தனை ஸ்டார்னு இல்ல. ஒவ்வொரு இடத்துலயும் யார் கைடு, அரசாங்க அடையாள அட்டை வெச்ச ஆளா, உள்ளூர்க்காரரா, ஒரு இடத்துல எத்தனை மணி நேரம் விடுவீங்க, குரூப்ல எத்தனை பேரு. நாங்க 18 பேரு, அதுவே பின்னாடி நிக்கிறவங்களுக்குக் காது கேக்கல.

நான் வெவசாயி, குண்டு மிளகாய் போட்டிருக்கேன். எம் பையன் வெளிநாட்டுல இருந்து டிக்கெட் போடுறேன் வாப்பான்னு கூப்புடுறான். இம்புட்டு காசு குடுத்துப் போயி கல்லைப் பாத்து நான் என்ன செய்ய?
வாசகர், சாயல்குடி பக்கம்

அய்யா, நீங்கதான் முக்கியமா போகணும். உங்க வயல்ல நிக்கிற மிளகாய்க்கே பொறந்த வீடு அங்கதான். ஆஸ்டெக் பாஷைல அதுக்குப் பேரே சில்லி, போர்ச்சுகீஸ்காரங்க கப்பல்ல ஏறி இங்க வந்துச்சு, நாம மிளகு மாதிரி உறைக்குதேன்னு மிளகாய்னு பேரு வெச்சோம், 2023-ல நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு புவிசார் குறியீடே வாங்கிட்டோம். தக்காளியும் அங்கிட்டுருந்து வந்ததுதான். சப்பாத்திக்கள்ளியும் அதே ஊருதான், அவங்க கொடியிலயே கள்ளி மேல கழுகு உக்காந்து பாம்பைத் தின்னுக்கிட்டு இருக்கும், அந்த மட்டையை முள்ளு சீவி பொரியல் மாதிரி பண்ணித் தர்றாங்க, கொஞ்சம் வெண்டைக்காய் வழவழப்பு. அப்புறம் நம்மள வாட்டி எடுக்குற சீமைக்கருவேலம் இருக்கே, அதுக்கும் சொந்த ஊரு அந்தப் பக்கம்தான். பஸ் ஜன்னல்ல பாத்தப்ப எனக்கு பகீர்னு ஆச்சு, இங்கயும் வந்துட்டியான்னு, அப்புறம்தான் நாமதான் அது வீட்டுக்கு வந்திருக்கோம்னு புரிஞ்சுச்சு.

ஆனா உங்களுக்காக நான் சொல்ல நெனச்சது உஷ்மால். மெரிடாவுலேருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ள போயிரலாம், சிச்சன் இட்சா அளவுக்குக் கூட்டம் கெடையாது, நிறைய டூர்ல இதை வெட்டிருவாங்க, வெட்ட விடாதீங்க. யுகட்டான் பூராவும் சுண்ணாம்புப் பாறை, மேல ஆறே ஓடாது, மழைத்தண்ணி பூமிக்குள்ள போயிரும். சிச்சன் இட்சா பக்கம் பாறை உள்வாங்கி பெரிய பெரிய கேணி மாதிரி ஆகிருக்கு, செனோட்டேன்னு சொல்றாங்க, அதுல தண்ணி எடுத்துக்கிட்டாங்க. உஷ்மால் மேட்டு நெலம், அங்க அதுவும் கெடையாது. தண்ணி எட்டாத ஆழத்துல. அப்படின்னா அம்மாம்பெரிய ஊரு என்னத்தைக் குடிச்சு பொழச்சுச்சு? வானத்தைத்தான். தரையைக் குடைஞ்சு குடம் மாதிரி தொட்டி, வாய் சின்னது வயிறு பெருசு, உள்ள சுண்ணாம்புச் சாந்து பூச்சு, சுத்தி நாலாபக்கமும் தளம் போட்டு வாய்ப்பக்கமா சரிச்சு விட்டிருக்காங்க, பெய்யுற மழை பூரா அதுக்குள்ள வந்துரும். சுல்தூன்னு பேரு. எங்க கைடு அந்த வாய்க்கிட்ட குத்தவெச்சு உக்காந்து ஒரு கல்லை உள்ள போட்டுக் காட்டுனாரு. எனக்கு நம்ம ஊரணிதான் ஞாபகம் வந்துச்சு, எங்க அம்மா காலத்துல ஊரணில கால் வெச்சு எறங்கக்கூடாது, செருப்பு போட்டுக் கரைல நடந்தாலே திட்டு விழும்.

உஷ்மால்ல கட்டடம் பூராவும் நீளமா வளைஞ்ச மூக்கு வெச்ச முகம் முகமா செதுக்கியிருக்காங்க, ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசை வரிசையா. சாக், அவங்க மழைச்சாமி. வேற எந்தச் சாமியையும் அங்க அத்தனை தடவை செதுக்கல. ஐப்பசி பொறந்தும் மேகம் கூடலைன்னா நம்ம கண்மாய்க் கரைல நின்னு அண்ணாந்து பாப்போமே, அதே பயம்தான்யா கல்லுல நிக்கிது. ஒன்பதாம் நூத்தாண்டுல தொடங்கி மாயன் ஊரு பலதும் காலியானதுக்கு சண்டை, ராஜாக்கள் போட்டின்னு காரணம் பல, அதுல வறட்சியும் பெரிய காரணம்னு ஏரி அடியில சேந்த மண்ணையும் குகைப் பாறையையும் ஆராஞ்சு சொல்றாங்க. உங்களுக்கு இதை யாரும் வெளக்க வேண்டியதில்ல, பாத்தாலே புரியும்.

டீச்சரம்மா, சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க? எங்களுக்கு ஹலால் பாக்கணும், எங்க லாத்தா சைவம் மட்டும்.
வாசகி, கீழக்கரை

ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை, "மான்தேகா". பன்றிக் கொழுப்பு. பாக்க வெறும் பயறு மசியலா இருக்கும், அதுலயே ஊத்தியிருப்பாங்க, அதனால "சின் மான்தேகா, சின் கார்னே"ன்னு சொல்லிப் பழகிக்கங்க, கொழுப்பு வேணாம், கறி வேணாம்னு அர்த்தம். ஹலால் கடை பெரிய ஊரைத் தாண்டினா கஷ்டம், கடற்கரைப் பக்கம் மீனு இருக்கு, நான் அதுலதான் ஓட்டுனேன். தினம் தின்னது தோர்தியா, மக்காச்சோளத்தை சுண்ணாம்புத் தண்ணில வேக வெச்சு அரைச்சு தட்டிச் சுடுறது, சுண்ணாம்பு சேத்தாத்தான் சோளத்துல இருக்குற சத்து ஒடம்புல ஒட்டும்னு பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருக்காங்க. ஊறுகாய் எடுத்துட்டுப் போனேன், தேவைப்படல, அவங்க ஆபனேரோ மிளகாய் நம்ம குண்டுமிளகாய உக்கார வெச்சிரும். தண்ணி மட்டும் பாட்டில்தான்.

விசா?
வாசகர், தொண்டி

வேணும். ஆனா பாஸ்போர்ட்ல செல்லுபடியாகுற அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஐரோப்பாவோட ஷெங்கன் விசா ஏதாச்சும் இருந்தா மெக்சிகோவுக்குத் தனியா எடுக்க வேணாம். அமெரிக்கா வழியா ப்ளைட் மாறுனாலே அவங்க விசா கேப்பாங்க, அதை மறந்துறாதீங்க. விதி மாறும், பணம் கட்டுறதுக்கு முன்னாடி டெல்லில இருக்குற மெக்சிகோ தூதரகத்து வெப்சைட்டை நீங்களே பாத்துருங்க, ஏஜென்ட் வாயை நம்பாதீங்க.

அங்கயும் நம்ம மாதிரி கடல்ல பாசி எடுப்பாகளா டீச்சர்? எம் மக கேக்கச் சொன்னா.
வாசகி, பாம்பன்

துலூம்னு பழைய மாயன் ஊரு ஒண்ணு இருக்கும்மா, மூணு பக்கம் கல்மதில், நாலாவது பக்கம் பாறைச் சரிவு, கீழ கடலு, நான் பாத்ததுலயே மனசுக்குப் புடிச்ச இடம். மரத்தைக் குடைஞ்ச வள்ளத்துல உப்பு, தேன், கொக்கோ எல்லாம் ஏத்திக்கிட்டு கரையோரமாவே யாவாரம் பண்ணியிருக்காங்க, கொலம்பஸே 1502-ல ஹோண்டுராஸ் பக்கம் அந்த மாதிரி பெரிய வள்ளம் ஒண்ணைப் பாத்திருக்காரு. பாசி கேட்டல்ல, நீங்க கட்டக்கோரைன்னு சொல்வீங்களே, அந்த வகைதான், 2011-லேருந்து கரீபியன் கரைல மலையா வந்து ஒதுங்குது, நாத்தம் தாங்கல, டிராக்டர் வெச்சு அள்ளுறாங்க. நீங்க இடுப்புல பையைக் கட்டிக்கிட்டு முங்கி எடுக்குறதை அவங்க காசு குடுத்து வெளிய கொட்டுறாங்க. சித்திரைலேருந்து ஆடி வரைக்கும்தான் ரொம்ப, கார்த்திகைக்கு மேல போனா மழையும் இருக்காது, பாசியும் குறைச்சல்.

நரபலி குடுத்த ஆளுங்க ஊருக்கு கோயில் ஊர்க்காரங்க போகலாமா?
வாசகர், ராமேஸ்வரம்

குடுத்தது நெசம்தான், மறைக்க ஒண்ணுமில்ல. மெக்சிகோ சிட்டி நடுவுல 1978-ல கரண்டு ஆபீஸ் ஆளுங்க குழி தோண்டுறப்ப மூணு மீட்டருக்கு மேல அகலமான வட்டக்கல்லு ஒண்ணு தட்டுப்பட்டுச்சு, அதைப் புடிச்சுத்தான் ஆஸ்டெக் பெரிய கோயிலைத் தோண்டி எடுத்தாங்க, 2015-ல பக்கத்துலயே மண்டையோட்டு வரிசையும் கெடச்சுச்சு. ஸ்பானிஷ்காரங்க எழுதுன எண்ணிக்கைய அப்படியே நம்பாதீங்க, அவங்களுக்கு ஊரைப் புடிச்சதுக்கு ஒரு நியாயம் வேணும்ல. 1521-ல ஸ்பானிஷ் தளபதி கோர்தெஸ் அந்த ஊரை அழிச்சு அதே கோயில் கல்லை எடுத்து பக்கத்துல சர்ச்சு கட்டுனாரு, அதுக்குப் பதிலா அப்புறம் கட்டுன பெரிய சர்ச்சுதான் இப்ப இருக்கு, ஏரிச்சேத்து மேல கட்டுனதால அது இன்னிக்கும் சாய்ஞ்சு சாய்ஞ்சு எறங்குது. அந்த ஊரு அழியுறதுக்கு முந்தின வருஷம் கப்பல்ல வந்த பெரியம்மைல செத்தவங்க கணக்கை யாரும் நரபலின்னு எழுதல. போயிட்டு வாங்க. அப்புறம், தியோதிவாகன் பிரமிடை ஆஸ்டெக் கட்டுனதுன்னு ஏதாச்சும் நோட்டீஸ்ல போட்டிருந்தா அந்த டூரை விட்டுருங்க, ஆஸ்டெக் வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே அது காலியாக் கெடந்த ஊரு.

மொத்தம் எவ்வளவு ஆச்சு டீச்சர்?
பத்து பேருக்கு மேல கேட்டிருக்கீங்க

டூர்க்காரங்க சொல்ற தொகைல டிப்ஸ், இன்சூரன்ஸ், தனி ரூம் வேணும்னா அதுக்கு எக்ஸ்ட்ரா, இதெல்லாம் வராது, தனித்தனியா எழுதி வாங்கிக்கங்க. எனக்கு ஆன தொகைய இங்க போட முடியாது, இந்தப் பத்திரிகைய எம் மருமகளும் படிக்கிறா.