இரண்டு ஃபேனும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா?

கேள்வி: என் பெட்ரோல் கார் நெடுஞ்சாலையில் எவ்வளவு நேரம் ஓடினாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுவதில்லை. நெரிசலில் மாட்டினால் மட்டும் மளமளவென்று ஏறிச் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் பானட்டைத் திறந்து பார்த்தால் ரேடியேட்டர் ஃபேன் இரண்டுமே சும்மா நிற்கின்றன. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, 'மோட்டார் போச்சு, இரண்டு ஃபேனையும் செட்டாக மாற்றணும்' என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஃபேன் பக்கம் சந்தேகப்பட்டது சரிதான். வண்டி வேகமாகப் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போதுதான் ஃபேன் தேவை. ஆனால் இரண்டு மோட்டாரும் சேர்ந்தாற்போல் கெடுவது அபூர்வம். ஒன்று முன்பே நின்றுபோய், நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம், அது வேறு விஷயம். இல்லாவிட்டால் இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், ரிலே (சிறு கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), எர்த் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்), சூட்டை அளக்கும் சென்சார் ஆகியவற்றில்தான் முதலில் தேட வேண்டும். இவை எல்லாமே ஃபேன் செட்டைவிட மலிவு.

செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் இன்ஜின் சூடு என்னவாக இருந்தாலும், ஏ.சி. போட்ட கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, கரண்டும் போகிறது. இன்ஜின் சூடாகிவிட்டது என்ற செய்திதான் போய்ச் சேரவில்லை. சுற்றவே இல்லை என்றால் கரண்ட் வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த வழியை எடுத்துக்கொள்வோம். பானட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியில் ஃபேனுக்கென்று பெரிய ஃபியூஸ் இருக்கும், பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். அது போயிருந்தால் அதே ஆம்பியரில் புதிதாகப் போடுங்கள். அதுவும் உடனே போனால் மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது ஒயர் எங்கோ ஷார்ட் ஆகிறது. 'அடிக்கடி போகிறதே' என்று கூடுதல் ஆம்பியர் ஃபியூஸைச் செருகினால் அடுத்து உருகுவது ஒயர்தான்.

அடுத்து ரிலே. அதே பெட்டியில் ஹாரனுக்கோ வேறு எதற்கோ அதே எண் அச்சிட்ட ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஃபேன் ஓடி, ஹாரன் ஊமையானால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

அதிலும் பிடிபடவில்லை என்றால் ஃபேனின் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தடித்த ஒயரில் மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னே செய்யட்டும். சுற்றினால் மோட்டாரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. சுற்றாமல் இருந்து, ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மோட்டார் உடம்பில் லேசாகத் தட்டியதும் ஓடினால், உள்ளே சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அது இன்று ஓடும், நாளை நின்றுவிடும். அப்போது மாற்றத்தான் வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் மோட்டாரோடு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்தே வரும். அந்த வகைக்கு நேர் கரண்ட் சோதனை பொருந்தாது. காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேன் கருவி வழியாகத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மோட்டார் நேர் கரண்டில் ஓடுகிறது, மாட்டினால் ஓடவில்லையா? கனெக்டரைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் இளகி வழிந்திருந்தால் அங்கேதான் கரண்ட் திணறுகிறது. இந்த இடத்தில் மல்டிமீட்டர் நம்மை ஏமாற்றும். துருப்பிடித்த பின்னிலும் 12 வோல்ட் காட்டும். ஆனால் மோட்டார் கேட்கும் 10, 20 ஆம்பியரை அந்தத் துருப்பிடித்த முனையால் கடத்த முடியாது. மீட்டருக்குப் பதில் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டிப் பார்த்தால் மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். எர்த் ஒயரையும் இதே முறையில் பார்க்கலாம். 'வோல்ட் வருகிறது, அதனால் மோட்டார்தான்' என்ற தீர்ப்பு பல நேரங்களில் தப்பாகப் போவது இதனால்தான்.

சரி, ஏ.சி. போட்டால் ஃபேன் ஓடுகிறது, சூட்டுக்கு மட்டும் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டை அளக்கும் சென்சாரின் கனெக்டரைக் கழற்றுங்கள். சென்சார் இல்லை என்று தெரிந்ததும் பல கார்களின் கம்ப்யூட்டர், பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓட்டிவிடும். அப்படி ஓடினால் சந்தேகம் சென்சார் மேல் திரும்புகிறது. ஸ்கேன் கருவியில் கூலன்ட் வெப்பநிலை என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பொதுவாக 95 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் ஃபேன் ஓடத் தொடங்க வேண்டும். முள் சிவப்பில் நிற்க, கருவி 80 என்றால் இரண்டில் ஒன்று பொய்.

அவசரப்பட்டு சென்சாரையும் வாங்கிவிடாதீர்கள். கூலன்ட் குறைந்திருந்தாலோ உள்ளே காற்று அடைத்திருந்தாலோ சென்சார் முனை திரவத்தில் முங்காமல் அந்தரத்தில் நிற்கும். இன்ஜின் கொதிக்கும், சென்சாருக்கு அது தெரியாது, ஃபேனும் ஓடாது. மட்டத்தைச் சரிசெய்து காற்றை வெளியேற்றினாலே தீர்ந்துவிடும் கோளாறு இது. ஆனால் கூலன்ட் எங்கே போனது என்று தேடுவது தனி வேலை, அதை விடக்கூடாது. இன்ஜின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டாலும் இதே குழப்பம் வரும். ஃபேன் சுவிட்ச் ரேடியேட்டரிலேயே இருக்கும் பழைய கார்களில் இன்ஜின் கொதிக்க, ரேடியேட்டர் ஜில்லென்று இருக்கும். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் கோளாறு இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் நெடுஞ்சாலையிலும் சூடேறியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். இன்ஜினை அணைத்த பிறகும் சில கார்களில் ஃபேன் திடீரென்று சுற்றும், கையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்காதீர்கள். வழியில் முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டுங்கள்.

கேள்வி: ரிலேயும் வேண்டாம் சென்சாரும் வேண்டாம், சாவி போட்டதும் ஃபேன் ஓடுகிற மாதிரி டைரக்டாகக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். தப்பா?

பதில்: வீடு வந்து சேர்வதற்கு என்றால் தப்பில்லை. எப்போதும் ஃபேன் ஓடினால் இன்ஜின் குளிர்ந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம், அதைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். சிக்கல் வேறு இடத்தில். ரிலே இல்லாமல் சாவி சுவிட்ச் வழியாக அவ்வளவு கரண்டை இழுத்தால் சுவிட்சின் உள்முனைகள் கருகும். அதைவிட மோசம், அசல் கோளாறு கூலன்ட் கசிவாக இருந்தால் ஃபேன் சுற்றுகிற நிம்மதியில் அது கவனத்துக்கே வராது. இன்ஜினின் மேல்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் போன பிறகுதான் தெரியும்.

கேள்வி: புது ஃபேன் போட்டும் நிற்கும்போது சூடேறுகிறது. மட்டமான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: ஒரு தாளை ரேடியேட்டருக்கு முன்னால், கிரில் பக்கம் பிடியுங்கள். ஃபேன் இன்ஜின் பக்கம் இருக்கும் வண்டிகளில் தாள் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் ஒயரை மாற்றி இணைத்திருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. இரண்டு ஒயரை மாற்றும் வேலைதான். தாள் சரியாக ஒட்டியும் சூடேறினால், ஃபேனைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூண்டைத் திரும்ப மாட்டினார்களா, ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மோட்டார் கெட்டது உறுதியாகிவிட்டது. பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கலாமா?

பதில்: பிரஷ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. வாங்கியே ஆக வேண்டுமென்றால் இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள், தண்டு ஆடக்கூடாது, உராயும் சத்தம் வரக்கூடாது. பிறகு பேட்டரியில் மாட்டிப் பத்து நிமிடமாவது ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். புதிதானாலும் பழையதானாலும் கனெக்டரின் பின் எண்ணிக்கை, இறக்கை எண்ணிக்கை, சுற்றும் திசை மூன்றையும் உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். சில மாடல்களுக்கு மோட்டார் மட்டும் தனியாகக் கிடைக்கும், கேட்காவிட்டால் முழு செட்டையே எடுத்து வைப்பார்கள். கழற்றிய பழைய மோட்டாரையும், எதை மாற்றினார்கள் என்று தனித்தனியாக எழுதிய பில்லையும் கையோடு வாங்கிவிடுங்கள். மாட்டிப் பார்த்த மின்சார உதிரிபாகங்களைப் பல கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.